வாசகர் கேள்வி – பதில்: பசியும் பருவமும் பக்கத்து இருக்கையும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைச் சுற்றியே இருந்தன. சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி வெளியிடவில்லை.

கேள்வி: எல்லாக் காய்களும் கனிகளும் ஆண்டு முழுவதும் கடையில் கிடைக்கும் இக்காலத்தில், பருவத்துக்கேற்ற உணவு என்று பேசுவதில் பொருள் உண்டா? அது பழைய நாள்களைப் பற்றிய ஏக்கம் மட்டும்தானே? (கல்லூரி மாணவி)

பாதி உண்மை, பாதி ஏக்கம். உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால் பருவங்கள் உண்டாகின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து விலகி வாழ்பவர்களுக்குக் குளிரும் பகலின் நீளமும் பருவத்தை அறிவிக்கின்றன. அதற்கு அருகில் வாழ்பவர்களுக்குப் பெரும்பாலும் மழையே அறிவிக்கிறது. பல செடிகள் எப்போது பூப்பது என்பதைப் பகலிரவின் நீளத்தை வைத்தே தீர்மானிக்கின்றன என்பதை 1920-ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆகவே பருவம் என்பது நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு அன்று. செடி தன் போக்கில் கடைப்பிடிக்கும் ஒழுங்கு அது.

அந்த ஒழுங்கு நாக்குக்கும் தெரிகிறது. கேரட், முட்டைக்கோசு போன்ற குளிர் தாங்கும் பயிர்கள், கடும் குளிரில் தம் உடலிலுள்ள நீர் உறைந்துவிடாமல் இருக்கச் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கின்றன. உறைபனிக்குப் பிறகு பறித்த கேரட் கூடுதலாக இனிப்பதற்கு அதுதான் காரணம். பச்சைப் பட்டாணி இதற்கு நேர்மாறு. செடியிலிருந்து பறித்த நேரம் முதலே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும் என்பதால், பறித்த அன்றே சாப்பிட்டவருக்கும் நான்கு நாள் கழித்துச் சாப்பிட்டவருக்கும் கிடைப்பது ஒரே பட்டாணி ஆகாது. தக்காளியைப் பற்றி புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. பழுத்த தக்காளியை 5 பாகை செல்சியசில் ஒரு வாரம் வைத்திருந்து சோதித்தபோது, அதன் இனிப்பும் புளிப்பும் ஏறத்தாழ அப்படியே இருந்தன. வாசனைப் பொருள்கள் மட்டும் பெருமளவு குறைந்திருந்தன. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத தக்காளி சப்பென்று இருப்பதாக நீங்கள் எப்போதாவது குறைப்பட்டிருந்தால், அது உங்கள் மனப்பிரமை இல்லை. தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைத்திருந்து, இரண்டு மூன்று நாளில் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

இனி ஏக்கத்தின் பக்கம். அந்தக் காலத்தில் எல்லாரும் பருவம் பார்த்தே உண்டார்கள் என்று பெருமையாகச் சொல்பவர்கள், வேறு வழியில்லாமல் உண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளைச்சலை நம்பி வாழ்ந்த மக்கள் எந்த நாட்டில் இருந்தாலும், பழைய தானியம் தீர்ந்து புதிய கதிர் முற்றாத மாதங்களைப் பட்டினியோடு கடந்தவர்களே. அந்த மாதங்களை ஒழித்ததில் குளிர்பதனக் கிடங்குகளுக்கும் தொலைதூரப் போக்குவரத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கும் பொருளுக்காக யாரும் காத்திருப்பதில்லை. காத்திருக்காமல் கிடைத்ததை நாம் கவனித்துச் சாப்பிடுவதும் இல்லை. உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பழத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பருவம் வரும்வரை வாங்குவதில்லை என்று முடிவு செய்து பாருங்கள். மற்ற அனைத்தையும் வழக்கம்போல் வாங்கிக்கொள்ளலாம். கொள்கைக்காக நாக்கை வதைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: முதல் தூறலில் எழும் மண்வாசனை, அடைமழையின் மூன்றாம் நாளில் ஏன் இல்லை? (பேருந்து ஓட்டுநர்)

வறண்டு கிடக்கும் காலத்தில் செடிகளிலிருந்து வெளிவரும் எண்ணெய்கள் மண்ணிலும் பாறையிலும் படிந்துகொண்டே இருக்கின்றன. மழை பட்டதும் அவை காற்றில் கலக்கின்றன. இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்ற ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் 1964-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். இத்துடன் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் சேர்கிறது. ஒரு லட்சம் கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும்.

தூறலைப் பற்றிய உங்கள் கவனிப்பு மிகச் சரியானது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2015-இல், துளி மண்ணில் விழும் கணத்தை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். நுண்துளைகள் உள்ள தரையில் துளி விழும்போது அதற்கடியில் சிறு காற்றுக் குமிழிகள் அகப்பட்டு, மேலெழுந்து வெடித்து, வாசனையைச் சுமந்த நுண்திவலைகளைத் தூக்கி வீசுகின்றன. கொட்டும் மழையைவிட மெல்லிய மழையிலும் மிதமான மழையிலும்தான் இது மிகுதியாக நிகழ்கிறது. மூன்றாம் நாளிலோ படிந்திருந்ததெல்லாம் கழுவப்பட்டிருக்கும். மண்ணின் துளைகளில் நீர் நிறைந்திருக்கும். உங்கள் மூக்கும் பழகிப்போயிருக்கும். மறுபடியும் அந்த வாசனை வேண்டுமானால் வெயில் காய வேண்டும்.

கேள்வி: நான் சமைப்பதை வீட்டில் எல்லாரும் ருசித்துச் சாப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இறங்குவதே இல்லை. வேறொருவர் சமைத்துத் தந்தால், அது சுமாராக இருந்தாலும் அமிர்தமாக இருக்கிறது. இது என்ன மனநிலை? (இல்லத்தரசி)

மனநிலையைவிட மூக்கின் நிலை என்று சொல்வதே பொருத்தம். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி வாசனைதான். மெல்லும்போது உணவின் ஆவி தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கை அடைகிறது. சளி பிடித்தால் சாப்பாடு மண்போல இருப்பது அந்த வழி அடைபடுவதால்தான். அடுப்படியில் ஒரு மணி நேரம் நிற்பவரின் மூக்கு, அந்த வாசனையை இனி தெரிவிக்கத் தேவையில்லாத பழைய செய்தியாக எண்ணி ஒதுக்கிவிடுகிறது. அதே வேளையில் வெளியிலிருந்து வாசற்படி ஏறி வருபவருக்கு அது சூடான செய்தி. பசியோடு வந்தவரின் முகம் மலர்வதையும் சமைத்தவரின் முகம் வாடியிருப்பதையும் ஒரே மேசையில் காண்பதற்குக் காரணம் இது.

இன்னொன்றும் உண்டு. 2010-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையில், ஒரு மிட்டாயை ஒன்றன்பின் ஒன்றாக 30 முறை சாப்பிடுவதாகக் கற்பனை செய்யச் சிலரிடமும், 3 முறை மட்டும் கற்பனை செய்யச் சிலரிடமும் சொன்னார்கள். பிறகு உண்மையான மிட்டாயைக் கொடுத்தபோது, 30 முறை கற்பனை செய்தவர்களே குறைவாகச் சாப்பிட்டார்கள். காய் நறுக்கும்போதும் உப்புப் பார்க்கும்போதும் நீங்கள் அந்தச் சாப்பாட்டை மனத்தால் பலமுறை உண்டு முடித்துவிடுகிறீர்கள் என்று நான் நினைக்கிறேன்.

சமைத்து முடித்ததும் முகம் கழுவி, கால் மணி நேரமாவது வீட்டுக்கு வெளியே காற்றாட நின்றுவிட்டு வந்து உட்காருங்கள். முந்தைய நாள் மீந்ததைச் சூடாக்கிச் சாப்பிடும்போது அது நன்றாக இருப்பதாக நீங்களே வியந்திருப்பீர்கள். மூக்குக்கு ஓய்வு கிடைத்தது அதற்கு ஒரு காரணம். (மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல், 5 பாகைக்குக் கீழ் குளிரவைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்குவது அவசியம்.) இவற்றையெல்லாம்விட நல்ல மருந்து, வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் சமைப்பது. அதை உங்கள் வீட்டார் கண்ணில் படும்படி இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் இனிப்பைக் கண்டால் இடம் கிடைத்துவிடுகிறதே, எப்படி? (வங்கி ஊழியர்)

நிறைந்தது வயிறு மட்டுமன்று. அந்தச் சுவையின் மீதிருந்த ஆசையும்தான். ஒரே உணவை உண்ண உண்ண அதன் மீதான விருப்பம் குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் தொடாத உணவின் மீதான விருப்பமோ அவ்வளவாகக் குறைவதில்லை என்பதை பார்பரா ரோல்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1981-இல் காட்டினார்கள். பலவகைச் சத்துகளை நாடி உண்ண வேண்டிய உயிரினத்துக்கு இது நல்ல ஏற்பாடு. இருபது வகை பரிமாறும் விருந்தில் நம்மைக் கவிழ்ப்பதும் இதே ஏற்பாடுதான். முதல் மூன்று வாயை மெதுவாகச் சாப்பிடுங்கள். இன்பத்தின் பெரும்பங்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. எதைக் கொடுத்தாலும் “உப்பில்லை, ருசியில்லை” என்கிறார். மருத்துவரோ உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். என் மனைவி மனம் நொந்துபோயிருக்கிறாள். தினமும் சாப்பாட்டு நேரம் சண்டையில் முடிகிறது. (அரசு அலுவலர்)

உங்கள் அப்பா உங்கள் மனைவியின் சமையலைக் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தமக்குத் தெரிவதை அவர் உள்ளபடியே சொல்கிறார். வயது ஏறும்போது நாக்கைவிட மூக்கின் கூர்மைதான் அதிகம் மழுங்குகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 1984-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், 65 முதல் 80 வயது வரையுள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கும், 80-ஐக் கடந்தவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோருக்கும் மோப்பத் திறன் பெரிதும் குறைந்திருந்தது. பார்வை மங்கினால் கண்ணாடி போட வேண்டும் என்று தெரிகிறது. காது மந்தமானால் பக்கத்திலிருப்பவர் உரக்கப் பேசுகிறார். மூக்கு மங்கியது மட்டும் யாருக்கும், பல நேரம் அவருக்கே, தெரிவதில்லை. தெரியாத அந்தக் குறைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே பெயர் ‘உப்பில்லை’ என்பதாகும். பழி சமைத்தவர் தலையில் விழுகிறது.

உப்பைக் கூட்டுவது இதற்கு வழியன்று. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. உங்கள் அப்பாவுக்கு மருத்துவர் சொன்ன அளவு அதனினும் குறைவாக இருக்கலாம். இருக்கும் உப்பை எங்கே போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கொதிக்கும்போது கலந்துவிட்ட உப்பைவிட, இறக்கிய பிறகு மேலாகத் தூவிய உப்பு நாக்கில் நேரடியாகப் படுவதால் குறைந்த அளவிலேயே தெரியும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பும், வறுத்துப் பொடித்த மிளகு சீரகத்தின் மணமும், பொன்னிறமாக வதக்கிய வெங்காயமும் உப்பு விட்ட இடத்தை ஓரளவு நிரப்பும். எல்லாவற்றையும் குழைத்துக் கொடுக்காமல், பல் அனுமதிக்கும் அளவுக்கு மொறுமொறுப்பாக ஏதாவது ஒன்றைத் தட்டில் வையுங்கள். மூக்கு சொல்லாததைக் காதும் பல்லும் சொல்லும். கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ வகைகளில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது.

அவர் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். வாயை வறளச் செய்பவையும் சுவையை மாற்றுபவையும் அவற்றில் இருக்கக்கூடும். மோப்பம் திடீரென்று போயிருந்தால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே காட்டுவது நல்லது. கெட்டுப்போன பாலையோ கசியும் எரிவாயுவையோ அவரால் கண்டறிய முடியாமல் போகலாம் என்பதால், அவர் வீட்டில் தனியே இருக்கும் நேரங்களைப் பற்றியும் யோசியுங்கள்.

சண்டைக்கு வருகிறேன். இதை உங்கள் அப்பாவிடம் உங்கள் மனைவி விளக்குவது சரிப்படாது. நீங்கள்தான் விளக்க வேண்டும். மனைவியிடமும் நீங்களே பேச வேண்டும். பந்து இப்போது உங்கள் தட்டில் இருக்கிறது, அவர்கள் இருவர் தட்டிலும் இல்லை.

கேள்வி: காரம் என்பது சுவையா, இல்லையா? நண்பர்களுக்குள் பந்தயம். (கல்லூரி மாணவர்)

இல்லை என்று சொன்னவர் வென்றார். மிளகாயிலுள்ள கேப்சைசின் நாக்கிலுள்ள வெப்ப உணர்வு நரம்புகளைத் தூண்டி, சுடாத இடத்தைச் சுடுவதாக மூளையை நம்பவைக்கிறது. சுமார் 43 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும் அந்தப் புரதத்தை 1997-இல் அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆர்டெம் படாபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது; ஆகவே பந்தயத்தில் தோற்றவருக்குத் தண்ணீருக்குப் பதில் பால் கொடுங்கள்.

கேள்வி: என் நான்கு வயது மகன் பச்சை நிறத்தில் எது இருந்தாலும் தட்டை நகர்த்திவிடுகிறான். கெஞ்சியும் பார்த்தேன், மிட்டாய் தருகிறேன் என்றும் பார்த்தேன். (இளம் தாய்)

கெஞ்சலைவிட மிட்டாயே அதிகக் கேடு செய்கிறது. குழந்தைகளின் உணவு விருப்பங்களை நெடுங்காலம் ஆராய்ந்த லியான் பர்ச், 1984-இல் ஒரு சோதனை செய்தார். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று சொல்லிக் குடிக்கவைத்த குழந்தைகளுக்கு, பரிசு நின்றதும் அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்துவிட்டது. லஞ்சம் கொடுத்துத் தள்ளிவிட வேண்டிய பொருள் நல்லதாக இருக்க முடியாது என்று குழந்தை கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு அஞ்சுவது பெரும்பாலான குழந்தைகளின் இயல்பு. இலை தழைகளின் கசப்பைச் சந்தேகிக்கும் எச்சரிக்கை, நடக்கப் பழகி எதையும் எடுத்து வாயில் வைக்கும் வயதில் ஒரு காலத்தில் உயிரைக் காத்திருக்கும். பத்துப் பதினைந்து முறை வரை அந்த உணவைக் கண்டும் தொட்டும் முகர்ந்தும் பழகிய பிறகே பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கின்றன; நம்மில் பலர் நான்காம் முறையில் கைவிட்டுவிடுகிறோம். ஒரு பட்டாணி அளவு வையுங்கள். அவன் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் முகத்தில் எதையும் காட்டாமல் நீங்கள் உங்கள் தட்டிலிருக்கும் அதே கீரையைச் சாப்பிடுங்கள்.

இரண்டாவது குழந்தையை எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தின் ஜூலி மெனெல்லா 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்றிருந்தபோதோ பாலூட்டியபோதோ கேரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கேரட் கலந்த கஞ்சியைக் குறைவான முகச்சுளிப்போடு ஏற்றுக்கொண்டன. சாப்பாட்டுப் பாடம் தொட்டிலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் வேதியியல் சொல்கிறீர்கள். இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் அனுபவம் செத்துவிடாதா? உங்களுக்கென்று காரணம் சொல்ல முடியாத ஓர் இன்பமும் இல்லையா? (கவிதை எழுதும் வாசகர்)

காரணம் தெரிந்தும் குறையாத இன்பம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். ஆரஞ்சுப் பழத்தில் கட்டைவிரல் நகம் முதன்முதலாக இறங்கும் இடத்தில், சாய்வெயிலில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்படி ஒரு மெல்லிய சாரல் எழுந்து அடங்கும். தோலில் புள்ளி புள்ளியாக இருப்பவை எண்ணெய்ப் பைகள்; அவை உடைந்து லிமோனீன் என்ற எண்ணெய் தெறிக்கிறது. பிறகு தோல் கிழிபடும் ஓசை, நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும் வெள்ளை நார், கையைக் கழுவிய பிறகும் மாலைவரை விரலில் நிற்கும் மணம். உரித்த சுளைகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டாலும் எனக்குக் குறையொன்றும் இல்லை. பழத்தின் சிறந்த பகுதி அதற்குள் எனக்குக் கிடைத்துவிட்டிருக்கும். லிமோனீன் என்ற பெயர் தெரிந்த பிறகு நான் அந்தச் சாரலைக் கூடுதல் அக்கறையோடு தேடுகிறேனே தவிர, குறைவாக அனுபவித்ததில்லை. நீங்கள் கவிஞர், யாப்பு தெரிந்ததனால் கவிதை உங்களுக்குக் கசந்துவிட்டதா என்று நானும் கேட்கலாம் அல்லவா?

கேள்வி: கணவர் மறைந்து, பிள்ளைகள் வெளியூர் போய், இப்போது நான் ஒருத்திதான். எனக்காக மட்டும் அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறேன். இதை ஒரு குறையாகச் சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியை)

வெட்கப்பட ஒன்றுமில்லை, அம்மா. வீடு நிறைய ஆட்களுக்குச் சமைத்துப் பழகிய கை, ஒருவருக்கு அளக்கும்போது தடுமாறத்தான் செய்யும். அளவு தெரியாத தடுமாற்றத்தை எளிதில் சரிசெய்யலாம். யாருக்காக என்ற கேள்விக்குத்தான் பதில் கடினம். தனியே உண்பதைவிடக் கூட இருந்து உண்ணும்போது மனிதர்கள் அதிகமாக உண்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது உங்கள் பசி குறைந்ததற்கு உங்கள் உடல் மட்டும் பொறுப்பன்று. பக்கத்து இருக்கை காலியாக இருப்பதற்கும் அதில் பங்குண்டு.

ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கேளுங்கள். தனியே சாப்பிடும் முதியவர்களின் முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்தபோது, கண்ணாடி இல்லாதபோது உண்டதைவிடச் சோளப்பொரியை அதிகமாக உண்டார்கள்; ருசியாக இருந்தது என்றும் சொன்னார்கள். அவர்களே உண்ணும் புகைப்படத்தை வைத்தாலும் அதே விளைவு கிடைத்தது. நீங்கள் எதிரில் கண்ணாடியை வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எதிரில் ஒரு முகம் என்பது அவ்வளவு சிறிய அளவில் கிடைத்தாலும் சாப்பாட்டை மாற்றுகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

ஆகவே முதல் வேலை, உட்காருவது. நின்றபடி வாயில் போடுவது உணவாக மனத்தில் பதிவதே இல்லை. மேசையோ தரையோ, உங்களுக்கென்று ஓர் இடம், விருந்தினருக்கு எடுக்கும் நல்ல தட்டு, சன்னல் பக்கம் முகம். இரண்டாவது, ஒரு வேளைக்குச் சமைப்பதை நிறுத்திவிட்டு மூன்று வேளைக்குச் சமைத்து, இரண்டு பங்கை உறைய வையுங்கள். அடுப்பு மூட்ட மனமில்லாத நாளில், மனமிருந்த நாளின் நீங்கள் உங்களுக்குப் பரிமாறுவீர்கள். மூன்றாவதைச் சற்று வற்புறுத்தியே சொல்கிறேன்: உங்களைப் போலவே தனியே உண்ணும் ஒருவர் உங்கள் தெருவில் நிச்சயம் இருப்பார். வாரத்துக்கு ஒரு பகல் உணவை அவரோடு என்று பேசி முடிவு செய்யுங்கள். விருந்தாக்கிவிடாதீர்கள், விருந்து களைப்பைத் தரும், இரண்டாம் வாரமே நின்றுவிடும். அன்றாடம் என்ன சமைப்பீர்களோ அதையே சமையுங்கள். பசியின்மையோ எடைக்குறைவோ சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகள் தொலைபேசியில் “சாப்பிட்டாயா?” என்று கேட்கும்போது “ஆயிற்று” என்று சொல்லி முடித்துவிடாமல், என்ன சாப்பிட்டீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் ஐந்து பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். ஐந்து பேர் கையிலும் கைபேசி. பறித்து வைத்தால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள். (மூன்று பிள்ளைகளின் தாய்)

உங்கள் கடிதத்தில் ‘ஐந்து பேர் கையிலும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களையும் சேர்த்துக்கொண்ட நேர்மைக்கு முதலில் வணக்கம். 2018-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், 300-க்கும் மேற்பட்டவர்களைச் சிறு குழுக்களாக நண்பர்களோடும் குடும்பத்தோடும் உணவகத்தில் சாப்பிடச் செய்தார்கள். கைபேசியை மேசை மேல் வைத்திருந்தவர்கள், அதை எடுத்து வைத்தவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே அந்தப் பொழுதை அனுபவித்தார்கள். ‘சற்று’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன், வேறுபாடு பெரிதன்று. கைபேசியை ஒழித்தால் குடும்பம் குதூகலமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேச ஒன்றுமில்லாத மேசையில் கைபேசி இல்லாமற்போனால் மௌனம்தான் மிஞ்சும்.

ஆகவே பறிப்பதற்கு முன் கைகளுக்கு வேலை கொடுங்கள். எல்லாரும் கிள்ளியும் உரித்தும் எடுத்துச் சாப்பிடும்படி, நடுவில் பொதுவாக வைக்கும் ஒன்றைச் சமையுங்கள். பரிமாறும் பொறுப்பை நாளுக்கொரு பிள்ளையிடம் விடுங்கள். பரிமாறுபவர் மற்றவர் தட்டைப் பார்த்தே ஆக வேண்டும். “பள்ளியில் என்ன நடந்தது?” என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். “ஒன்றுமில்லை” என்ற பதிலைத் தவிர வேறெதுவும் அதற்குக் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. உங்கள் அலுவலகத்தில் அன்று நடந்த அபத்தத்தை நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: அத்தையின் சமையலை எழுதி வைத்துக்கொள்ள ஆசை. கேட்டால் “கண்ணளவுதான், கையளவுதான்” என்கிறார். எப்படி எழுதுவது? (மருமகள்)

கேட்டு எழுத முடியாது. பார்த்துத்தான் எழுத முடியும். பல ஆண்டு செய்து செய்து கைக்குப் போய்விட்ட அறிவை வாயால் சொல்லச் சொன்னால், சொல்பவருக்கே பாதி நினைவுக்கு வராது. சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, அவர் பாத்திரத்தில் போடுவதற்கு முன் அந்தக் கைப்பிடியை ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லி எடை பாருங்கள். அவர் கைப்பிடி உங்கள் கைப்பிடியைவிடப் பெரிதா சிறிதா என்பது அன்றே தெரிந்துவிடும். நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பதோடு நின்றுவிடாமல், எதைப் பார்த்து அடுத்ததைப் போடுகிறார் என்று எழுதுங்கள். வெங்காயத்தின் ஓரம் சிவந்ததையா, எண்ணெய் பிரிந்ததையா, ஓசை அடங்கியதையா? அடுப்பின் வேகமும் பாத்திரத்தின் அடிக்கனமும் வீட்டுக்கு வீடு மாறும். ஓசை அடங்குவது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

அடுத்த வாரம் நீங்கள் சமையுங்கள். அத்தை பேசாமல் பக்கத்தில் நிற்கட்டும். பேசக்கூடாது என்ற நிபந்தனையை அவர் ஒப்புக்கொள்வது எளிதன்று, ஆனாலும் கேட்டுப் பாருங்கள். தம்மையறியாமல் அவர் கை நீட்டித் தீயைக் குறைக்கும் இடத்தையும், “இரு, இரு” என்று உங்கள் கரண்டியைப் பிடிக்கும் இடத்தையும் குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாரக் குறிப்பில் விடுபட்டுப் போனவை அவைதாம்.